மார்ச் மாதத்து மணிச்சத்தம்

எனக்கு ஸ்கீ ஓடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. கால் நூற்றாண்டாக ஸ்கீக்காரர்களின் ஊரில் இருக்கிறேன், ஆனால் ஒருநாள்கூட அந்த இரண்டு கட்டையையும் காலில் கட்டியதில்லை. என்னுடைய வேலை ஓடிவிட்டு வருகிற சனத்துக்குச் சாப்பாடு போடுவது. அவர்களுக்குப் பசிக்கிற நேரத்தில்தான் எங்களுக்கு வேலை. அவர்கள் ஓடுகிற நேரத்தில் நாங்கள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்போம். ஆக, இந்த ஊரின் விளையாட்டுகளைப் பற்றி நான் எழுதுவது குசினி யன்னலால் பார்த்தவன் எழுதுவது. அப்படியே வாசியுங்கள்.

ஊரின் பெயர் பொன்ரெசினா. சுவிசின் கிழக்கு மூலையில், கிறவ்புண்டன் மாநிலத்தில், எங்கடீன் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றர். பக்கத்து ஊர் சென் மொறிற்ஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். 1928 இலும் 1948 இலும் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் அது, பணக்காரர்களின் ஊர். எங்கள் ஊர் அவ்வளவு பணக்கார ஊர் இல்லை. ஆனாலும் எங்கள் ஹொட்டேலில் ஒரு இரவு தங்குகிற காசில் கொக்குவிலில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சீவிக்கலாம்.

நான் 2000 இல் சுவிசுக்கு வந்தேன். வருகிற அகதிகளை மாநிலங்களுக்குப் பங்குபோட்டு அனுப்புவார்கள். என்னோடு வந்த ஒருவனுக்குச் சூரிச் விழுந்தது. இன்னொருவனுக்கு பேர்ண். எனக்கு மலை விழுந்தது. சிவப்பு ரயிலில் ஏறி, சுரங்கத்துக்குள்ளாலும் பாலத்துக்கு மேலாலும் சுற்றிச் சுற்றி மேலே போகப் போக, எனக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நான் அங்கே புவியியல் படித்தவன். இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்தவன். பனிக்கட்டியாறு, யூ வடிவப் பள்ளத்தாக்கு, தொங்கு பள்ளத்தாக்கு எல்லாம் எங்களுக்கு ஒருவர் படிப்பித்தார். நல்ல மனுசன். கரும்பலகையில் கலர் சோக்கால் அழகாகக் கீறுவார். ஆனால் அவர் வாழ்நாளில் பனியைக் கண்டதில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் கண்டதுதான். ரயில் யன்னலால் அந்த யூ வடிவத்தைக் கண்டபோது, 'சேர், நீங்கள் கீறினது சரிதான்' என்று மனதுக்குள் சொன்னேன். சோதனை எழுதாமல் பாடத்தை மட்டும் நேரே பார்க்கக் கிடைத்த மாணவன் நான்.

ஊருக்குப் பக்கத்திலேயே மொர்டராட்ஸ் என்று ஒரு பனிக்கட்டியாறு இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து அதை நோக்கி நடக்கிற பாதையில், இந்த வருடம் பனி இதுவரை இருந்தது என்று வருடம் எழுதி அடையாளங்கள் நட்டிருக்கிறார்கள். நான் வந்த வருடத்துக்குரிய இடத்திலிருந்து பார்த்தால் இன்றைக்குப் பனி எங்கேயோ மேலே தள்ளி நிற்கிறது. நான் இங்கே வந்து கிழவனாகிக்கொண்டிருக்கிறேன், அது பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

மலையூர்களில் குளிர்காலத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. நத்தார், புதுவருடத்தோடு முதல் கூட்டம். பெப்ரவரியில் சென் மொறிற்ஸ் ஏரி உறைந்து கல்லாகிக் கிடக்க, அதற்கு மேலே குதிரைப் பந்தயம். 1907 இலிருந்து நடக்கிறது. குதிரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்கீயில் இழுபட்டுப் போகிற ஒரு பந்தயமும் அதில் உண்டு. முதல்தரம் கண்டபோது யாரோ ஒரு மனுசன் குதிரையால் இழுத்துச் செல்லப்படுகிறான், ஒருவரும் காப்பாற்றுகிறார்கள் இல்லையே என்று பதறிவிட்டேன். பிறகு மார்ச். வெயில் கொஞ்சம் சூடாகும், பகலில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும், இரவில் அது திரும்ப உறைந்து ஈட்டி மாதிரித் தொங்கும். வெளியூர்க்காரர் வசந்தம் வந்துவிட்டது என்பார்கள். இங்கத்தைய ஆட்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு ஏரி உருகுவது மே மாதத்தில்.

ஆனால் மார்ச் முதலாம் திகதி குளிர்காலத்தைத் துரத்துகிற நாள். சலாண்டமார்ஸ் என்று பெயர். ரோமர்களின் பழைய கலண்டரில் மார்ச்சின் முதல்நாளுக்கு இருந்த பெயரிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நீலச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் போட்டு, மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மணிகளைத் தங்கள் தோளிலும் இடுப்பிலும் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். பெரியவர்கள் பெரிய மணியோடு முன்னால், குஞ்சுகுருமன்கள் சின்ன மணியோடு பின்னால். தெருவில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி மணியடிப்பார்கள். வீட்டு வாசல்களிலும் ஹொட்டேல் வாசல்களிலும் நின்று றோமான்ஸ் மொழியில் பாடுவார்கள். கிடைக்கிற காசு பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் ஆட்டம் பாட்டத்துக்கும். சில ஊர்களில் மணி பெடியன்களுக்கு மட்டும்தான், பெட்டைகள் கடதாசிப் பூ செய்துகொடுக்கவேண்டும் என்று ஒரு வழக்கம். அதைப்பற்றி இங்கேயும் சண்டை உண்டு. எல்லா ஊரிலும் எல்லாம் உண்டு.

இந்த மணியை வைத்து ஒரு பிள்ளைகள் புத்தகம் இருக்கிறது, 1945 இல் வந்தது. 'ஷெல்லன் உர்ஸ்லி' என்று பெயர். செலினா ஷோன்ஸ் எழுதியது, அலோயிஸ் கரிஜியே படம் கீறியது. சுவிசில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரிந்திருக்கும். உர்ஸ்லி என்ற பெடியனுக்கு ஊர்வலத்துக்கு ஆகச் சின்ன மணி கிடைக்கிறது. மற்றப் பெடியள் சிரிக்கிறார்கள். மலைக்கு மேலே கோடைகாலக் குடிசையில் பெரிய மணி ஒன்று தொங்குவது ஞாபகம் வர, ஒருவருக்கும் சொல்லாமல் பனிக்குள்ளால் தனியே ஏறிப் போய்விடுகிறான். இரவு அங்கேயே நித்திரையாகிவிடுகிறான். கீழே தாயும் தகப்பனும் விடிய விடியக் காத்திருக்கிறார்கள். மற்றநாள் பெரிய மணியோடு வந்து முன்னுக்குப் போகிறான். பிள்ளைகளுக்கு மணி வந்த பக்கம்தான் பிடிக்கும். என்னால் அந்தத் தாயும் தகப்பனும் காத்திருக்கிற பக்கத்தைத் தாண்டிப் போகமுடியாது.

றோமான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் பேசுகிற ஆட்கள் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. 1938 இல் சுவிஸ் சனங்கள் வாக்களித்து அதை நாலாவது தேசிய மொழியாக ஏற்றார்கள். பெரும்பான்மையாக இருந்த ஜேர்மன்காரர் ஒரு கைப்பிடி ஆட்களின் மொழிக்கு 'ஓம்' என்று வாக்குப் போட்டார்கள். பதினெட்டு வருடம் கழித்து, 1956 இல், எங்கள் நாட்டில் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் இதைச் சொன்னால் என்னோடு வேலை செய்த ஒரு உள்ளூர்க்காரர், "எங்கட மொழியும் செத்துக்கொண்டுதான் இருக்கு, வாக்குப் போட்டு மொழியைக் காப்பாற்றேலாது" என்பார். இருக்கலாம். ஆனாலும் சாகிறதுக்கும் கொல்லுகிறதுக்கும் வித்தியாசம் இருக்கிறதுதானே.

என்னுடைய மகன் 2003 இல் பிறந்தவன். 2009 இல் கிண்டர்கார்டன். அந்த வருடம்தான் அவனுக்கு முதல் சலாண்டமார்ஸ்.

2009 என்று எழுதியதுமே நீங்கள் கணக்குப் பார்த்திருப்பீர்கள். ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி விழுந்தது. என் அக்கா 2002 சமாதான காலத்தில் கிளிநொச்சியில் கலியாணம் முடித்தவள். அத்தான், ஒரு பெட்டை, ஒரு பெடியன். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம் என்று தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் மாத்தளன் கடற்கரையில் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கேள்விப்பட்டோம் என்றால், யாரோ யாருக்கோ சொல்லி, அது வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து கொக்குவிலில் அம்மாவுக்கு வந்து, அம்மா எனக்குச் சொல்லுவா. ஒரு செய்தி வந்து சேர இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமைக்குள் என்ன நடந்திருக்கும் என்று எவருக்கும் தெரியாது.

பெப்ரவரி 12 ஆம் திகதி ஜெனீவாவில் ஐ.நா. வாசலில் முருகதாசன் தீக்குளித்தார். அதற்குப் பிறகு சுவிசில் இருந்த எங்கள் சனம் ஒருவரும் வழமையாக இல்லை. பிறந்தநாள் இல்லை, சாமத்தியவீடு இல்லை, மண்டபம் எடுத்தவர்கள் காசைத் திருப்பி வாங்கினார்கள். நான் மலைக்கு மேலே, சீசன் உச்சத்தில். லீவு கேட்க முடியாது. அப்போது எனக்கு இருந்தது தற்காலிக அனுமதி. வேலை போனால் அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாத நிலை. ஊர்வலங்களுக்குப் பஸ் சூரிச்சிலிருந்தும் பேர்ணிலிருந்தும் போகும். நான் சலாட் கழுவிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் கிண்டர்கார்டனிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைக்கு நீலச் சட்டை, சிவப்புத் தொப்பி, மணி வேண்டும். மணி இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் இரவல் தரும்.

"அனுப்பத் தேவையில்லை" என்று மனிசியிடம் சொன்னேன்.

"ஏன்?"

"அங்க அக்கா ஆக்கள் சாகினம். இங்க நாங்கள் மணியடிச்சுக் கொண்டாடுறதே?"

மனிசி கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "பிள்ளை ஒரு மாசமா அந்தப் பாட்டைப் பாடமாக்குது. அதுக்கு மாத்தளன் எங்க இருக்கெண்டு தெரியுமே? நீங்கள் வேணுமெண்டா வராதேங்கோ. நான் அனுப்புவன்" என்றாள். அனுப்பினாள். தொப்பியை அவளே பின்னினாள்.

இதைத் தெரிந்துகொண்ட நண்பன் ஒருவன் பேர்ணிலிருந்து ரெலிபோன் எடுத்தான். "என்ன மச்சான், சனம் பங்கருக்குள்ள கிடக்குது, உன்ர பிள்ளை வெள்ளைக்காரனோட சேர்ந்து ஆடுதாம்" என்றான். நான் அவனோடு சண்டை பிடிக்கவில்லை. அவன் சொன்னது எனக்குள் ஏற்கெனவே இருந்ததுதான். அவன் வாயால் வந்தது, அவ்வளவுதான்.

மணிச்சத்தம் காலையிலேயே தொடங்கிவிட்டது. முதலில் தூரத்தில், பிறகு மேல்தெருவில், பிறகு எங்கள் ஹொட்டேல் வாசலில். முதலாளி குடும்பம், விருந்தாளிகள், வேலைக்காரர் எல்லோரும் வெளியே போய் நின்றார்கள். குசினியில் இருந்த போர்த்துக்கேயப் பெடியன் ஓடிவந்து, "வா, வா, உன்ர மகன் நிற்கிறான், உன்னைத் தேடுறான்" என்று என் கையைப் பிடித்து இழுத்தான். நான் "வேலை இருக்கு" என்றேன். வேலை ஒன்றும் இல்லை. நான் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் கதவு தடித்தது, சத்தம் உள்ளே வராது. வெண்ணெய்ப் பெட்டிகளுக்கும் கரட் மூட்டைக்கும் நடுவில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது விரல் விறைத்திருந்தது, மணிச்சத்தம் அடுத்த ஹொட்டேலுக்குப் போயிருந்தது.

இரவு மகன் நித்திரை கொள்ளாமல் இருந்தான். "அப்பா, நீங்கள் ஏன் வரேல்லை? நான் பாடேக்க யன்னலைப் பாத்தனான்" என்றான். மணியை இரவல் திருப்பிக் கொடுக்கும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். சின்ன மணி, கொஞ்சம் வெடித்த சத்தம். நான் அவனுக்குப் பொய் சொன்னேன். நிறையக் கோப்பை இருந்தது என்று சொன்னேன்.

அதற்குப் பின்னால் வந்தது மரதன் ஞாயிறு, மார்ச் 8.

எங்கடீன் ஸ்கீ மரதன் பற்றி ஸ்கீ தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1969 இலிருந்து மார்ச்சின் இரண்டாவது ஞாயிறு நடப்பது. மலோயா என்ற இடத்தில் தொடங்கி எஸ்-சான்ஃப் என்ற ஊர்வரை 42 கிலோமீற்றர். மலையிலிருந்து வழுக்கி இறங்குகிற ஸ்கீ இல்லை இது. மெல்லிய நீளக் கட்டையில் உன்னி உன்னித் தள்ளிக்கொண்டு ஓடுவது. முதலில் உறைந்த ஏரிகளுக்கு மேலால் ஓடுவார்கள். பிறகு சென் மொறிற்ஸ், ஸ்டாட்ஸ் காடு, எங்கள் ஊர், சமேடான் விமான நிலையத்து ஓரம், அதற்கப்பால் சின்னச் சின்ன ஊர்கள். பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள். ஏரியின் மேல் அவ்வளவு பேரும் நகர்ந்து வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் சீனி கொட்டின மேசையில் எறும்பு வருகிற மாதிரி இருக்கும். கெட்டிக்காரர் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு நாலு, ஐந்து மணித்தியாலம். பத்து வருடமாகக் கடைசிக் கூட்டத்தில் ஓடி, அதையே பெருமையாகச் சொல்லுகிற கிழவர்களை எனக்குத் தெரியும். ஸ்டாட்ஸ் காட்டில் ஒரு இறக்கம் இருக்கிறது. அங்கே மரங்களுக்கு மெத்தை கட்டி வைத்திருப்பார்கள், ஆட்கள் வந்து மோதுவதற்கு. ஓட்டத்தைப் பார்க்கிறதைவிட அந்த இடத்தில் நின்று விழுகிறவர்களைப் பார்க்கத்தான் சனம் கூடும். மனுசக் குணம் எங்கேயும் ஒன்று.

எங்களுக்கு மரதன் சனிக்கிழமையே தொடங்கிவிடும். முதல்நாள் இரவு ஓடுகிறவர்கள் இறைச்சி அதிகம் சாப்பிடமாட்டார்கள். பாஸ்ரா, பாஸ்ரா, பாஸ்ரா. எங்கள் ஊர்க் கோயில் அன்னதானக் கிடாரம் அளவு பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒருவர் மூன்று பிளேற் சாப்பிடுவார். எங்கள் செஃப் இத்தாலிக்காரர், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்கிறவர். பாஸ்ராவைக் கூட வேகவைத்தால் மனுசன் அழுதுவிடுவார். அந்த ஒரு இரவு மட்டும், "இவங்களுக்கு ருசி தேவையில்லை, பெற்றோல்தான் தேவை" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். ஞாயிறு விடிய மூன்றரைக்கு நாங்கள் குசினிக்குள் நிற்கவேண்டும். ஐந்து மணிக்கு ஓட்ஸ் கஞ்சி, வெள்ளைப் பாண், தேன், வாழைப்பழம். ஆறு மணிக்கெல்லாம் எல்லோரும் மலோயா பஸ்சைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். ஹொட்டேல் செத்தவீடு முடிந்த வீடு மாதிரி ஆகிவிடும். பிறகு மத்தியானத்துக்குப் பின் திரும்பி வரும் கூட்டம். அதுகளின் பசியைச் சொல்லி மாளாது. பார்லி சூப், றொஸ்ரி, கறுத்த வால்நட் கேக். கோப்பை கழுவுகிற மெசின் இரவு பதினொரு மணிவரை நிற்காது.

வேலை நேரத்தில் கைத்தொலைபேசி வைத்திருக்கக்கூடாது. எங்கள் ஹொட்டேலில் அது கண்டிப்பான சட்டம். நான் ஏப்ரனுக்கு உள்ளே, காற்சட்டைப் பொக்கற்றில், சத்தத்தை நிற்பாட்டி வைத்திருந்தேன். அது தொடையில் அதிரும். ஜனவரியிலிருந்து அதிராமலும் அதிருகிற மாதிரி இருக்கும். இது எனக்கு மட்டும் வந்த வருத்தம் என்று நினைத்திருந்தேன். பிறகு கேட்டபோது எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அதையே சொன்னார்கள்.

பத்துமணி இருக்கும். உண்மையாகவே அதிர்ந்தது. அம்மா. அங்கே பிற்பகல் இரண்டரை. அம்மா காரணமில்லாமல் அந்த நேரத்துக்கு எடுக்கமாட்டா. நான் கத்தியை வைத்துவிட்டு செஃபைப் பார்த்தேன். செஃப் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கையால் பின்கதவைக் காட்டி, "போ" என்றார். ஏப்ரனோடு, கட்டைக் கைச் சட்டையோடு வெளியே போனேன். பின்பக்கம் சிக்னல் இல்லை. ஓடுபாதை இருக்கிற பக்கமாகக் கீழே இறங்கினேன். அங்கேதான் இரண்டு கோடு வரும்.

பாதையின் இரண்டு பக்கமும் சனம். "ஹொப் ஹொப் ஹொப்" என்று கத்துகிறார்கள். ஆட்களின் கையில் மாட்டு மணி. ஓடுகிறவர்களை உற்சாகப்படுத்த அதையும் ஆட்டுகிறார்கள். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மற்றக் காதில் அம்மாவைக் கேட்கிறேன்.

"தம்பி, அக்கா திருகோணமலை ஆஸ்பத்திரியில. செஞ்சிலுவைக் கப்பலில கொண்டுவந்தவங்களாம். சின்னவனுக்குக் கால்."

"கால் என்ன?"

"ஷெல் பட்டது. வெட்டேல்லையாம். வெட்டவேண்டி வராதெண்டு சொல்லியிருக்கினமாம்."

"அத்தான்? பெரியவள்?"

அம்மா பதில் சொல்லவில்லை. காயக்காரரோடு ஒருவரைத்தான் கப்பலில் ஏற்றினார்கள் என்று பிறகு விளங்கியது. அக்கா ஒரு பிள்ளையோடு ஏறி, மற்றப் பிள்ளையைக் கடற்கரையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஆரை விட்டு ஆரைக் கூட்டிக்கொண்டு போவது என்று ஒரு தாயை அந்த மணலில் நின்று யோசிக்க வைத்தார்கள். இதை எழுதுகிறபோதும் எனக்குக் கை ஓடவில்லை.

அம்மாவின் கோட்டு அறுந்துவிட்டது. நான் அப்படியே நின்றேன். ஆயிரக்கணக்கில் ஆட்கள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள். மூச்சு வாங்குகிற சத்தம், கட்டை பனியில் உரசுகிற சத்தம், மணிச்சத்தம். நான் அழுதிருக்கிறேன் போல. பக்கத்தில் நின்ற ஒரு வயசான மனிசி என்னைப் பார்த்துச் சிரித்து, தன் தேர்மோசிலிருந்து ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றித் தந்தா. "ஓம், ஓம், பார்க்க அழுகை வரும்தான், எனக்கும் ஒவ்வொரு வருசமும் வரும்" என்று ஜேர்மனில் சொன்னா. நான் "ஓம்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? தேத்தண்ணீரைக் குடித்தேன். நல்ல சூடு, சீனி கூட. என் கட்டைக் கைச் சட்டையைக் கண்டுவிட்டுத் தன் சால்வையையும் கழற்றப் பார்த்தா. நான் நன்றி சொல்லிவிட்டுக் குசினிக்குத் திரும்பி ஓடினேன். முந்நூறு பேருக்கு சலாட் வெட்டவேண்டியிருந்தது.

பேர்ண் நண்பன் சொன்ன 'வெள்ளைக்காரன்' என்ற சொல்லுக்குள் அந்த மனிசியை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே செய்தா. தெரிந்திருந்த எத்தனையோ நாடுகள் அந்த மார்ச்சில் என்ன செய்தன என்றும் நாங்கள் பார்த்தோம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியவள் ஏப்ரல் 20 ஆம் திகதி சனம் வெளியேறியபோது யாரோ ஒரு குடும்பத்தோடு வெளியே வந்தாள். பத்து வயதுகூட ஆகவில்லை. மெனிக் பாமில் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. அத்தான் வரவில்லை. இறந்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை, உயிரோடு கண்டேன் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. அக்கா கன காலம் படத்தைத் தூக்கிக்கொண்டு போராட்டங்களில் இருந்தாள். இப்போது கொக்குவிலில் அம்மாவின் வீட்டில். அம்மா இப்போது இல்லை. சின்னவனுக்குக் கால் இருக்கிறது, கெந்திக் கெந்தி நடப்பான். அச்சகம் ஒன்றில் வேலை.

எனக்கு ஹொட்டேல் மாறியது, அனுமதியும் மாறியது. மகன் ஒவ்வொரு வருடமும் மணியோடு போனான். வருடத்துக்கு வருடம் மணி பெரிதாகியது. நான் பிறகு ஒவ்வொரு வருடமும் வாசலுக்குப் போய் நின்றேன். அந்த முதல் வருடத்தை அவன் மறந்துவிட்டான் என்று நினைத்தேன். 2020 இல் கொரோனாவால் ஆயிரம் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசாங்கம் அறிவிக்க, மரதனும் நின்றது. வாங்கி அடுக்கிய பாஸ்ராப் பெட்டிகளை வேலைக்காரருக்குப் பங்குபோட்டார்கள். ஒரு மாதம் அதையே சாப்பிட்டோம். மார்ச்சின் இரண்டாவது ஞாயிறு முதல்தரமாக எனக்கு ஓய்வு நாள், ஆனால் பார்க்க ஓட்டம் இல்லை.

2024 இல் மகன் தானும் ஓடப்போகிறேன் என்றான். இருபது வயது, எலெக்ரீசியன் வேலை. ஸ்கீ அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் பழக்கியது. முதல்நாள் இரவு எங்கள் வீட்டில் பாஸ்ரா. மனிசி விடாமல் அதற்குள் கறித்தூள் போட்டாள். நான் செஃபிடம் இரண்டு மணித்தியாலம் கேட்டேன். இந்த செஃப் வேறு ஆள், இளம் பெடியன், "உன் மகன் ஓடுறானா? போ, போ" என்றான். அதே இடத்துக்குப் போனேன். இந்த முறை யக்கற் போட்டுக்கொண்டு.

அக்காவுக்கு வட்சப்பில் வீடியோ எடுத்தேன். கொக்குவிலில் நல்ல வெயில். அவளுக்குப் பின்னால் மாமரம் தெரிந்தது. நான் கமெராவைப் பாதைப் பக்கம் திருப்பினேன். வரிசை வரிசையாக ஆட்கள் போகிறார்கள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு சனமும் எங்க ஓடுது?"

"எஸ்-சான்ஃப் எண்டு ஒரு ஊர். நாப்பத்திரண்டு கிலோமீற்றர்."

"ஆர் துரத்துறது?"

"ஒருத்தரும் துரத்தேல்லை அக்கா. சும்மா ஓடுறாங்கள். காசு கட்டி ஓடுறாங்கள்."

அக்கா சிரித்தாள். நான் அவளுடைய சிரிப்பைக் கேட்டுக் கன வருடம். பின்னால் நின்ற சின்னவன் ரெலிபோனை வாங்கி, "மாமா, மச்சானின்ர நம்பர் என்ன?" என்றான். சொன்னேன். அவன் அங்கே இருந்து ஒவ்வொரு நம்பராக வாசிக்கத் தொடங்கினான். எனக்கு இப்போது தூரத்து எழுத்துத் தெரியாது. அவனுக்குக் கண் நல்ல கூர்மை. கடைசியில் அவன்தான் கண்டான். "அந்தா, சிவப்புத் தொப்பி, சிவப்புத் தொப்பி!" என்று கொக்குவிலில் நின்று கத்தினான்.

சிவப்புத் தொப்பிதான். மனிசி பின்னினது, ஆனால் பெரியவர்களின் அளவில், புதிதாகப் பின்னினது. மகன் என்னைக் கண்டு ஒரு கணம் வேகத்தைக் குறைத்தான். "அப்பா, இந்த முறை வந்திட்டீங்கள்" என்று கத்திவிட்டுப் போனான். அவன் மறக்கவில்லை.

குளிருக்கு ரெலிபோன் பற்றறி செத்துவிட்டது. அக்காவின் முகம் பாதியில் நின்று அணைந்தது. இரண்டு மணித்தியாலத்தில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் ஒரு மணியை இரவல் கேட்டேன். தந்தது. யாரென்று தெரியாத ஆட்களுக்கெல்லாம் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, சூப் சுடவைக்கக் குசினிக்குப் போனேன்.